ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி

பாகங்களைப் பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் ஒலித்துக்கொண்டிருந்த என் முதல் ஆசிலேட்டரில் (ஒலி எழுப்பும் மின்சுற்றில்), டிரான்சிஸ்டர் சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதன்மேல் விரலை வைத்தேன். ஒலி மெல்ல மேலேறத் தொடங்கியது. விரலை எடுத்ததும் இறங்கி, சிறிது நேரத்தில் ஏறத்தாழப் பழைய இடத்துக்கு வந்து நின்றது. மறுபடி வைத்தேன், மறுபடி ஏறியது. அடுத்த அறையிலிருந்து அம்மா, “என்னடா, சுருதி ஏறிக்கிட்டே போகுது?” என்று கேட்டார். இளமையில் பல ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்ற அவருடைய காதுக்கு, நான் ஒரு வாரமாகக் கவனிக்காமல் விட்டிருந்த குறை ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. கடந்த மூன்று ஆண்டுகளாக மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் செய்துவரும் சிந்தசைசர் கட்டும் வேலையின் பெரும்பகுதி, அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான்.

மின்சுற்றுகளால் இசையொலி எழுப்பும் மாடுலர் சிந்தசைசர் பார்வைக்கு ஒரே கருவி போலத் தோன்றினாலும், உண்மையில் பல சிறு கருவிகள் ஒரு சட்டத்துக்குள் கூடியிருக்கும் தொகுதி. ஒலியை எழுப்பும் ஆசிலேட்டர், ஒலியின் கூர்மையைக் குறைக்கும் ஃபில்டர், ஒலியளவை ஆளும் ஆம்ப்ளிஃபையர், தொடக்கத்தையும் தேய்வையும் வரையறுக்கும் என்வலப், சுரங்களை வரிசையாக எடுத்துக்கொடுக்கும் சீக்வென்சர் என்று ஒவ்வொன்றும் ஒரு வேலையை மட்டும் செய்யும் ஒரு மாடுல். இவற்றுக்கு இடையே நிலையான இணைப்பு எதுவும் கிடையாது. முகப்பில் உள்ள ஜாக்குகளைக் கம்பிகளால் வாசிப்பவரே இணைத்துக்கொள்ள வேண்டும். ஒலியும் மின்னழுத்தம்தான், அந்த ஒலியைக் கட்டுப்படுத்துவதும் மின்னழுத்தம்தான் என்பதால், எதன் வெளியீட்டையும் எதன் உள்ளீட்டிலும் செருகிப் பார்க்கலாம். ஆயத்தமாகக் கிடைக்கும் மாடுல்களில் பலவும் நூறு டாலருக்கு மேல் விலையுள்ளவை. வரியும் அனுப்புச் செலவும் சேர்ந்தால் ஒரு சிறு தொகுதிகூட என் போன்ற கணக்காளனின் சம்பளத்துக்கு எட்டாது. தானே செய்துகொள்வது என்ற முடிவுக்கு நான் முதலில் வந்தது அந்தக் காரணத்தால்தான். அதைவிட்டு விலகாமல் இருப்பதற்கான காரணம் வேறு. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

தொடக்கம் மிக எளிதாக இருந்தது. சிடி 40106 என்ற ஐசி (மின்சுற்றுச் சில்லு) ஒன்றும், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரும், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெபாசிட்டரும், ஒரு 9 வோல்ட் பேட்டரியும் போதும். ஒரு ஆசிலேட்டர் தயார். அந்த ஐசிக்குள் ஆறு ஷ்மிட் டிரிகர் இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. இங்கே இன்வெர்ட்டர் என்பது உள்ளீடு தாழ்ந்தால் உயர்ந்தும், உயர்ந்தால் தாழ்ந்தும் வெளியிடுவது. ஷ்மிட் டிரிகர் என்பது பிடிவாதமான ஒரு சுவிட்ச்: உள்ளீடு ஒரு மேல் எல்லையைத் தொடும்வரை நிலை மாறாது, மாறியபின் ஒரு கீழ் எல்லை வரை இறங்கினால்தான் திரும்பும். வெளியீட்டிலிருந்து ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டர் நிரம்பும், மேல் எல்லை வந்ததும் சுவிட்ச் மாறும், கெபாசிட்டர் வடியும், கீழ் எல்லை வந்ததும் மறுபடி மாறும். இந்த நிரம்பலும் வடிதலும் ஒரு விநாடிக்கு எத்தனை முறை நிகழ்கிறதோ அதுவே நம் காதில் சுரமாகிறது.

அந்த ஐசியை வாங்கச் சென்னையின் ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், கைபேசி உறைகளும் கேமராக்களும் விற்கும் கடைகளைத் தாண்டி, உதிரிப்பாகங்களைச் சிறு சிறு இழுப்பறைகளில் வைத்திருக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே பேசும் மொழியைக் கற்றுக்கொள்ளவே எனக்குச் சில வாரங்கள் ஆயின. திருப்புளியால் திருகிச் சரிசெய்யும் சிறு ரெசிஸ்டரை ட்ரிம்மர் என்று கேட்டால் முழிப்பார்கள், பிரீசெட் என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். துளையிட்ட வெற்றுப் பலகைக்கு டாட் போர்டு என்று பெயர். “அண்ணே, பிசி 547 ஐம்பது வேணும்” என்று நான் கேட்ட நாளில் கடைக்காரர், “ஐம்பதா? ரிப்பேர் கடை வெச்சிருக்கியா தம்பி?” என்று விசாரித்தார். அந்த டிரான்சிஸ்டர் எதற்கு ஐம்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் இரவு கிடைத்த ரீங்காரம் இடையிடையே கரகரத்து, கையை அருகில் கொண்டுபோனாலே நிலைகுலைந்தது. ஐசியில் பயன்படுத்தாத மற்ற ஐந்து உள்ளீடுகளையும் நான் எதனுடனும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டிருந்ததுதான் காரணம். இந்த வகை ஐசிகளின் உள்ளீடு மிக மெல்லிய மின்தூண்டலைக்கூட வாங்கிக்கொள்ளும். வேலையில்லாத உள்ளீட்டுக் கால்களையெல்லாம் கிரவுண்டில் (சுற்றின் பூஜ்ய வோல்ட் முனையில்) கட்டிவிட வேண்டும். கட்டினேன், ஒலி தெளிந்தது. தொடங்குபவர்களில் பலர் இந்த இடத்தில் ஐசி பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆனால் அது இன்னும் இசைக்கருவி ஆகவில்லை. குமிழைத் திருகினால் சுரம் மாறும், அவ்வளவுதான். ஒரு மாடுலரின் ஆசிலேட்டர் வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்துக்குப் பணிய வேண்டும். அதுவும் ஒரு குறிப்பிட்ட கணக்குப்படி பணிய வேண்டும். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். அதாவது, 110 ஹெர்ட்ஸில் ஒலிப்பது ஒரு வோல்ட் கூடும்போது 220, இரண்டு வோல்ட் கூடும்போது 440, மூன்று வோல்ட் கூடும்போது 880 என்று இரட்டிக்க வேண்டும். நம் செவி சுரங்களை விகிதமாகவே உணர்கிறது. மின்னழுத்தமோ கூட்டிக் கழிப்பதற்கு எளியது. கூட்டலைப் பெருக்கலாக மாற்றித் தரும் ஒரு சுற்று நடுவில் இருந்தாக வேண்டும். அந்த வேலையை ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் தன் இயல்பாலேயே செய்கிறது என்று அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. அதன் மூன்று கால்களில் பேஸ், எமிட்டர் என்ற இரண்டுக்கும் இடையே உள்ள அழுத்தத்தை, அறை வெப்பத்தில், 18 மில்லிவோல்ட் கூட்டினால் அதன் வழியே ஓடும் மின்னோட்டம் இரு மடங்காகிறது. இன்னொரு 18 மில்லிவோல்ட் கூட்டினால் நான்கு மடங்கு. யாரும் இசைக்காக வகுத்த விதி அன்று இது, சிலிக்கானின் இயற்பியல். இரட்டிப்பு என்பதுதானே ஸ்தாயி! வரும் ஒரு வோல்ட்டை 100 கிலோ ஓம், 1.8 கிலோ ஓம் என்ற இரு ரெசிஸ்டர்களால் சுமார் 18 மில்லிவோல்ட்டாகச் சுருக்கி டிரான்சிஸ்டரிடம் கொடுத்து, அது இழுக்கும் மின்னோட்டத்தால் கெபாசிட்டரை வடியவிட்டால், ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி கிடைத்துவிடுகிறது. கெபாசிட்டர், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றின் வழியாகச் சட்டென்று நிரம்பி, டிரான்சிஸ்டர் வழியாகச் சீராக வடிவதால், அலையின் வடிவம் ரம்பப்பல் போல அமைகிறது. அடிப்படைச் சுரத்தின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு அதிர்வெண்களில் கூடவே ஒலிக்கும் துணைச்சுரங்கள் எல்லாம் நிறைந்த, வெட்டிச் செதுக்குவதற்கு ஏற்ற ஒலி அது.

இப்போது விரலுக்கு வருவோம். அதே இயற்பியலின் மறுபக்கம் வெப்பம். டிரான்சிஸ்டரின் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், அதே மின்னோட்டத்துக்குத் தேவைப்படும் பேஸ் அழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. ஒரு ஸ்தாயிக்கே 18 மில்லிவோல்ட்தான் என்னும்போது, 2 மில்லிவோல்ட் என்பது ஸ்தாயியின் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது ஒரு சுரஸ்தானத்துக்கும் (ஸ்தாயியின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும்) மேல். ஒரு டிகிரிக்கு ரி ஒன்று ரி இரண்டைத் தாண்டிவிடும்! என் அறை மொட்டை மாடிக்கு நேர்க் கீழே இருக்கிறது. கத்திரி வெயில் நாளில் காலையில் 29 டிகிரியும் பிற்பகலில் 37 டிகிரியும் காட்டும். அம்மா கேட்ட சுருதி ஏற்றத்தின் காரணம் புரிந்துவிட்டது.

இதற்கான தீர்வு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்டது. அதன் அழகு அதைக் கையால் செய்து பார்க்கும்போதுதான் விளங்குகிறது. பிசி 547-க்கு எதிர்வகையான பிசி 557 ஒன்றை அதற்கு முன்னால் வைக்க வேண்டும். சூடு ஏறும்போது முன்னுள்ளது அழுத்தத்தை 2 மில்லிவோல்ட் தாழ்த்திக் கொடுக்கும். பின்னுள்ளதற்கும் 2 மில்லிவோல்ட் குறைவாகவே தேவைப்படும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒன்றை மட்டும் விரலால் தொட்டால் சுருதி ஏறும். மற்றதை மட்டும் தொட்டால் இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒலி அசையாமல் நிற்கும். இதை நான் வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். சுற்றுப்படத்தில் வெறும் கோடுகளாக இருந்தது விரல் நுனியில் உண்மையாகிறது.

ஈடு சரியாக அமைய வேண்டுமானால் இரண்டு டிரான்சிஸ்டர்களும் குணத்தில் ஒத்திருக்க வேண்டும்; ஐம்பது வாங்கியது அதற்காகத்தான். ஒரே மின்னோட்டத்தைச் செலுத்தி, ஒவ்வொன்றின் பேஸ் அழுத்தத்தையும் மல்டிமீட்டரில் அளந்து, ஒரு அட்டையில் வரிசையாகக் குத்தி, அருகில் எண்ணை எழுதிவைத்தேன். முதல் முயற்சியில் கிடைத்த எண்கள் எல்லாம் பயனற்றவையாகிவிட்டன. விரலால் பிடித்துச் செருகியதால் விரலின் சூடு ஏறி, அளவு பல நிமிடங்கள் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டாம் முறை சிறு இடுக்கியால் எடுத்து, மின்விசிறியை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் காத்திருந்து அளந்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதில் கழிந்தது. ஒரு மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போன சில சோடிகள் கிடைத்தன. அவற்றின் தட்டையான பக்கங்களை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் கணினி ஹீட் சிங்குக்குப் பூசும் வெள்ளைப் பசையைத் தடவி, வெப்பச் சுருங்கு குழாயால் இறுக்கிக் கட்டினேன். கால்களின் வரிசையைச் சரிபார்க்காமல் வேறு எண்ணுள்ள டிரான்சிஸ்டரை மாற்றிப் போட்டுவிடக் கூடாது. பிசி 547-இன் தட்டை முகத்தைப் பார்த்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், 2என் 3904-இலோ எமிட்டர், பேஸ், கலெக்டர்.

இதன் பிறகும் ஒரு குறை எஞ்சும். அந்த 18 மில்லிவோல்ட் என்ற அளவே வெப்பத்தோடு நகர்வது. டிகிரிக்கு சுமார் 0.33 சதவீதம். எட்டு டிகிரி ஏறினால், தாழ்ந்த ஷட்ஜத்தைச் சரியாக வைத்துக்கொண்டு மூன்று ஸ்தாயி மேலே போகும்போது ஏறத்தாழ ஒரு முழு சுரஸ்தானம் குறைந்துவிடும். அதற்கும் ஈடு உண்டு: அந்த 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாக, சூட்டோடு அதே விகிதத்தில் தானும் ஏறும் ஒரு தனி வகை ரெசிஸ்டரை, டிரான்சிஸ்டர் சோடியின் முதுகில் ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். ரிச்சி தெருவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் அது கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து வருவித்தேன். என் முதல் ஆசிலேட்டரில் அதிகம் செலவானது இந்த ஒரு ரெசிஸ்டருக்குத்தான். அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் சுருதி நகர்ந்தபோது, குற்றவாளி கெபாசிட்டராக இருந்தது. மலிவான பழுப்பு நிற செராமிக் வில்லைகள் வெப்பத்துக்கு ஏற்பத் தம் கொள்ளளவை மாற்றிக்கொள்பவை. ஒலியின் காலத்தை நிர்ணயிக்கும் இடத்தில் அவற்றை வைக்கவே கூடாது. ஃபிலிம் வகைக் கெபாசிட்டரை வைத்ததும் சுருதி நின்றது.

மின்வழங்கியைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்லாவிட்டால் தவறாகும், ஏனெனில் இந்தப் பொழுதுபோக்கில் உயிருக்கு ஆபத்தான இடம் அது ஒன்றுதான். யூரோராக் என்று அழைக்கப்படும், இன்று பரவலாக உள்ள முறையில், மாடுல்களுக்கு நேர் 12 வோல்ட்டும் எதிர் 12 வோல்ட்டும் வேண்டும். நான் 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி, மின்னழுத்தத்தை நிலையாக நிறுத்தும் 7812, 7912 என்ற ரெகுலேட்டர்களை வைத்துக் கட்டினேன். மின்சுற்றில் முன் அனுபவம் இல்லாதவர்கள் 230 வோல்ட்டைத் தொடும் வேலையில் இறங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். முதல் சில மாடுல்களுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளே போதும். கட்டத் தெரிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 7812-இன் உலோக முதுகு கிரவுண்டோடு இணைந்தது, 7912-இன் முதுகோ அதன் உள்ளீட்டோடு இணைந்தது. இரண்டையும் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு இல்லாமல் ஒரே ஹீட் சிங்கில் முடுக்கினால் குறுக்குச்சுற்று ஆகிவிடும். எனக்கு ஆனது, ஃபியூஸ் இருந்ததால் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. இன்னொரு முறை மாடுலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பத்துக் கம்பி ரிப்பன் கேபிளைத் தலைகீழாகச் செருகியதில் நான்கு டிஎல் 072 ஐசிகள் ஒரே நொடியில் போயின. சிவப்புக் கோடு உள்ள பக்கம் எதிர் 12 வோல்ட் என்பது வழக்கம்; அதை நம்புவதோடு நில்லாமல், ஒவ்வொரு மாடுலின் வாசலிலும் தலைகீழ் இணைப்பைத் தடுக்கும் இரண்டு டயோடுகளை வைத்துவிடுகிறேன்.

அளவுகளை யூரோராக்கின்படியே வைத்துக்கொண்டேன். மூனிக் அருகில் கருவிகள் செய்துவந்த டீட்டர் டெப்ஃபர் 1990-களின் நடுவில் தம் ஏ-100 தொகுதிக்காக வகுத்த அளவு அது. முகப்பின் உயரம் 128.5 மி.மீ.; அகலம் 5.08 மி.மீ.-இன் மடங்குகள், ஜாக் 3.5 மி.மீ. இந்த அளவுக்குள் இருந்தால், நாளை யாராவது வெளிநாட்டிலிருந்து ஒரு மாடுல் கொண்டுவந்தாலும் என் பெட்டியில் பொருந்தும். முகப்புகளை அலுமினியத் தகட்டில் நானே துளையிட்டுக்கொள்கிறேன். பெட்டியை எங்கள் தெருத் தச்சரிடம் ஒட்டுப்பலகையில் செய்து வாங்கினேன். இறக்குமதியாகும் சட்டங்களுக்குப் பதிலாக ‘எல்’ வடிவ அலுமினியக் கோணங்கள் நன்றாகவே உழைக்கின்றன.

சுருதி நின்ற பிறகு சீக்வென்சருக்கு வந்தேன். இதற்குப் பயன்படும் சிடி 4017 என்ற ஐசி தமிழ்நாட்டில் மின்னணுப் பொழுதுபோக்கில் கை வைத்த எவருக்கும் பழக்கமானது. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஓடும் விளக்கு செய்யும் பிள்ளைகள் துடிப்பு தரும் 555 என்ற ஐசியையும் 4017-ஐயும்தான் வைப்பார்கள். ஒரு துடிப்பு வரும்போதெல்லாம் அதன் பத்து வெளியீடுகளில் அடுத்தது உயிர்பெறும். விளக்குக்குப் பதிலாக ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு குமிழை வைத்து, அந்தக் குமிழ் தரும் மின்னழுத்தத்தை ஆசிலேட்டருக்குக் கொடுத்தால், ஓடும் விளக்கு ஓடும் சுரமாகிவிடுகிறது. வெளியீடுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணி, எந்த எண்ணுள்ள வெளியீட்டை ரீசெட் காலில் கட்டுகிறோமோ, அத்தனை அட்சரத்தில் ஆவர்த்தனம் முடிந்து தலைக்குத் திரும்பும். கடைகளில் கிடைக்கும் சீக்வென்சர்களில் எட்டும் பதினாறுமே பெரும்பாலும் இயல்பான அளவுகள். நான் ஒரு சுழல் சுவிட்சை வைத்து ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று தேர்ந்தெடுக்கும்படி அமைத்தேன்; ஏழில் வைத்து, முதல் அட்சரத்திலும் நான்காவதிலும் ஆறாவதிலும் மட்டும் தட்டொலி எழும்படி செய்தால் மிஸ்ர சாபு என்ற ஏழு அட்சரத் தாளம் தானாக ஓடுகிறது.

இந்த இடத்தில்தான் கையால் செய்த கருவியின் பெருமை எனக்கு முழுமையாக விளங்கியது. ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற விதி, அந்த ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டச் சொல்லவில்லை. பியானோவின் ஒழுங்குதான் அப்படி வெட்டுகிறது. அதன்படி பஞ்சமம் 0.583 வோல்ட்டில் இருக்கும், அந்தர காந்தாரம் 0.333 வோல்ட்டில். தம்புராவின் ஷட்ஜத்தோடு இழையும் பஞ்சமம் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் உடையது, அது 0.585 வோல்ட். ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் அமையும் காந்தாரம் 0.322 வோல்ட். பஞ்சமத்தில் வேறுபாடு இரண்டு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, காந்தாரத்தில் பதினோரு மில்லிவோல்ட். இந்தப் பதினோரு மில்லிவோல்ட்டைக் காது எளிதாகப் பிடித்துவிடும்.

அம்மாவின் சுருதி ஐந்து கட்டை, அதாவது 196 ஹெர்ட்ஸ். ஒரு ஆசிலேட்டரை அதில் நிறுத்தி, இரண்டாவதைப் பஞ்சமத்துக்குக் கொண்டுவரும்போது, சரியான இடம் 294 ஹெர்ட்ஸ். பியானோவின் இடம் 293.66. ரம்பப்பல் அலையில் துணைச்சுரங்கள் எல்லாம் இருப்பதால், ஷட்ஜத்தின் மூன்றாம் துணைச்சுரமும் பஞ்சமத்தின் இரண்டாம் துணைச்சுரமும் ஒன்றோடொன்று உரசி, ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை ஒலி மெல்லப் பெருகித் தணிவது கேட்கும். குமிழை மயிரிழை அளவு திருப்பினால் அந்த அலைவு நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் அடங்கிவிடும். இரண்டு ஒலிகள் ஒன்றாகி அறை முழுவதும் நிறையும். காந்தாரத்திலோ பியானோவின் இடத்தில் விநாடிக்கு எட்டு முறை அடித்துக்கொள்ளும் ஒலி, கீழே இறங்கி 245 ஹெர்ட்ஸைத் தொட்டதும் அமைதியாகும். அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் இறக்கு, இன்னும், போதும்” என்று சொல்ல, நான் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பின்னர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது காந்தாரம் 0.321 வோல்ட்டில் நின்றிருந்தது. அவருக்கு வோல்ட் தெரியாது, எனக்கு அந்தக் காது கிடையாது. இரண்டும் அந்தக் குமிழில் சந்தித்தன.

சுரத்தை அசைத்தும் வழுக்கியும் ஒலிக்கும் கமகத்துக்கு இது போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல ஒரு குமிழும் கெபாசிட்டரும் கொண்ட சிறு சுற்றைச் சேர்க்கலாம். ஜாரு போன்ற ஒன்று வரும். ஆனால் தோடி ராகத்தின் காந்தாரத்தில் நிகழும் அசைவை அது தராது. மெதுவாக அசையும் இன்னொரு ஆசிலேட்டரைக் கொண்டு அதை உண்டாக்க முயன்றேன். கேட்டவர்கள் யாரும் அதைத் தோடி என்று ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. இந்தக் கருவியை வீணைக்கோ குரலுக்கோ மாற்றாக நான் நினைக்கவில்லை. சுருதி என்பது எதனால் ஆனது என்று திறந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை என்று மட்டும் சொல்வேன்.

ஃபில்டரும் ஆம்ப்ளிஃபையரும் இத்தனை பாடுபடுத்தவில்லை. மாடுலர் சிந்தசைசரின் முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் மூக் வகுத்த, டிரான்சிஸ்டர் சோடிகளை ஏணிப்படிகள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஃபில்டரைச் சிறு மாற்றங்களோடு டாட் போர்டில் கட்டினேன். அளந்து வைத்திருந்த டிரான்சிஸ்டர்களில் எஞ்சியவை அதற்குப் பயன்பட்டன. ஆம்ப்ளிஃபையருக்கு எல்எம் 13700 என்ற ஐசி. அதை வாங்கும்போது மட்டும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் மேலே எண் மட்டும் சரியாக அச்சிட்டு உள்ளே வேறொன்றாக இருக்கும் போலிகள் எனக்கு இரண்டு முறை வந்தன. அதன்பின் புதிதாக வாங்கும் ஒவ்வோர் ஐசியையும் பிரெட்போர்டில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்த பிறகே பலகையில் பற்றவைக்கிறேன்.

தானே செய்வது என்பது இந்தக் கருவியின் வரலாற்றில் ஓரத்தில் நடந்த காரியம் அன்று. மூக் 1964-இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சின் தூண்டுதலால் நியூயார்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பர்க்கில் தம் முதல் மாடுல்களைச் செய்வதற்கு முன்பே, தொடாமலே கையசைத்து வாசிக்கும் மின்னிசைக் கருவியான தெரமினை டிரான்சிஸ்டர்களால் தானே கட்டிக்கொள்வது எப்படி என்று 1961-இல் ஒரு மின்னணுவியல் இதழில் எழுதியவர். அதன் பாகங்களைத் தொகுப்பாக விற்றும் பிழைத்தவர். பெர்னி ஹட்சின்ஸ் 1972 முதல் நடத்திய எலக்ட்ரோநோட்ஸ் என்ற சிற்றிதழ் சுற்றுப்படங்களை வெளிப்படையாகப் பகிர்ந்தது; இன்றும் அதன் பக்கங்களைத் தேடிப் படிப்பவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் செர்ஜ் செரெப்னின் 1970-களில் தம் மாடுல்களைப் பிறர் கட்டிக்கொள்ளும் தொகுப்புகளாகக் கொடுத்தார். எலெக்டர் இதழ் 1977-இல் ஃபார்மன்ட் என்ற முழுத் தொகுதியின் வரைபடங்களைத் தொடராக வெளியிட்டது. நம் காலத்தில் பாரிஸின் எமிலி ஜிலே, தாம் விற்ற மாடுல்களின் வரைபடங்களையும் நிரல்களையும் யாரும் எடுத்தாளும்படி வெளியிட்டார். மோரிட்ஸ் க்ளைன் யூடியூபில் ஒவ்வொரு ரெசிஸ்டரும் ஏன் அங்கே இருக்கிறது என்று பொறுமையாக விளக்குகிறார். 40106-ஐ வைத்து நான் கட்டிய ஆசிலேட்டர் அவர் காட்டிய வழியிலிருந்து வளர்ந்தது.

இந்தியாவிலும் இந்தக் கருவி மிக முன்னதாகவே வந்துவிட்டது என்பது எனக்குத் தாமதமாகவே தெரிந்தது. 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டூடரின் துணையோடு ஒரு மூக் தொகுதி நிறுவப்பட்டது. கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே மின்னிசை ஆக்கங்களைப் பதிவுசெய்தார்கள். அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, பால் பர்கஸ் என்ற கலைஞரின் தேடலால் அண்மையில்தான் வெளியுலகுக்கு வந்தன. அவற்றைக் கேட்டபோது எனக்குப் பெருமிதமும் வருத்தமும் ஒருசேர எழுந்தன. ஒரே ஒரு விலையுயர்ந்த கருவி, ஒரே ஒரு நிறுவனத்தின் அறைக்குள் இருந்ததால், அதைச் சுற்றி ஒரு மரபு வளரவில்லை. அந்த ஆண்டுகளில் நான்கைந்து ஊர்களில் நான்கைந்து பேர் டிரான்சிஸ்டரை வாங்கி இதைக் கட்டியிருந்தால், நாகசுவரத்தையும் மிருதங்கத்தையும் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கருவியை எப்படி வளைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். இன்று பாகங்களின் விலை சில ரூபாய்களில் இருக்கிறது. வரைபடங்கள் யாவருக்கும் கிடைக்கின்றன.

தொடங்க விரும்புபவர் உடனே பெரிய பெட்டிக்குத் திட்டமிட வேண்டாம். 40106 ஒன்று, பிரெட்போர்டு, மல்டிமீட்டர், பழைய கணினி ஸ்பீக்கர், இவை போதும். சால்டரிங்கைக் கற்பதற்கு முன் பழைய வானொலிப் பலகை ஒன்றில் பாகங்களைக் கழற்றி மாட்டிப் பழகுவது நல்லது. ஈயம் கலந்த 60-40 கம்பியைப் பயன்படுத்தினால் சன்னலைத் திறந்து வைத்து, வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும். அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். முதல் ஆண்டு முழுவதும் என்னிடம் இருந்தது கைபேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றும், அடுத்த அறையில் அம்மாவும்தான்.

இப்போது மேசைமேல் மூன்றாவது ஆசிலேட்டர் இருக்கிறது. டிரான்சிஸ்டர் சோடியை நேற்று இரவு பசை தடவிக் கட்டி, முதுகில் அந்த ரெசிஸ்டரையும் சேர்த்து இறுக்கியிருக்கிறேன். பிற்பகல் அறை சூடேறியபின் பிரீசெட்டைத் திருகி, 110-இலிருந்து 880 வரை ஒவ்வொரு வோல்ட்டாக ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். இரவு குளிர்ந்ததும் மறுபடி ஒருமுறை.